பதில் எண் பதினான்கு

வரும் கடிதத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் போய்விட வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. நான் அங்கே வேலை பார்த்த இரண்டு வருடம் இரண்டு மாதத்தில் ஒருமுறைகூட அந்த விதியை மீறியதில்லை. அக்காவின் மகள் எழுதிய கடிதத்துக்கும் இருபத்தெட்டு மணி நேரத்தில் பதில் அனுப்பிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் சொன்ன பிறகு, நான் வேலையில் ஒழுங்கானவள் என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அக்கா என்றால் என் உடன்பிறந்தவர் இல்லை. வாழ்க்கையில் திக்குத் தெரியாமல் நிற்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு வலைப்பூவைப் பதினோரு வருடம் நடத்தியவர். வாசகர்கள் அவரை அக்கா என்றுதான் எழுதுவார்கள். அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான். நாங்களும் அதையே பழகிக்கொண்டோம். தினமும் காலை ஆறு மணிக்கு வலைப்பூவில் ஒரு கட்டுரை வரும். மனதை லேசாக்க ஏழு வழிகள், மன்னிப்பதற்கு ஐந்து படிகள், அந்த மாதிரி. கட்டுரைக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும். ‘உன் பாரத்தை இங்கே இறக்கி வை. அக்கா படிக்கிறேன்.’ அந்தப் பெட்டியில் விழுபவற்றுக்குப் பதில் அனுப்புவது என் வேலை.

அக்கா இறந்து இரண்டு வாரம் கழித்து அவருடைய மகள் அலுவலகத்துக்கு வந்தார். படக்காரர் அவரை என் மேசைக்கு அழைத்துவந்தார். கட்டுரைகளுக்குப் படம் தேடிப் போடுபவர் படக்காரர். ஆறு வருடமாகச் சூரிய உதயத்தைத் தவிர வேறு எதையும் தேடவில்லை என்று புலம்புவார்.

“விஞ்ஞானி, இவங்க அக்காவோட பொண்ணு. உன்கிட்டதான் பேசணுமாம்.”

நான் வேதியியல் படித்தவள். அங்கே என் பெயர் அதுதான்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பையைக் கீழே வைக்கவில்லை. அதிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மடிப்பின் வழியே தெரிந்த இரண்டு சொற்களே போதும்.

“இது எங்க அம்மா எழுதினதா?”

வலைப்பூவிலிருந்து போன பதில்தான் என்றேன்.

“அது எனக்கும் தெரியுதுங்க. நான் கேக்கறது அது இல்ல. கேட்டு எழுதினது நான்தான்னு அம்மாவுக்குத் தெரியுமா? தெரிஞ்சே இத அனுப்பினாங்களா, இல்ல யாரோ என்னவோன்னு அனுப்பிட்டாங்களா? அது மட்டும் சொல்லுங்க.”

நான் தாளை மேசை விளிம்போடு ஒட்டி நேராக வைத்தேன்.

“தெரிஞ்சே அனுப்பியிருந்தா, சரி, அவங்களுக்கு நான் வேண்டாம். நானும் தலை முழுகிட்டு என் வேலையப் பாத்துட்டுப் போயிடுவேன். தெரியாம அனுப்பியிருந்தா உக்காந்து அழணும். ரெண்டுல எதுன்னு தெரியாம ரெண்டு வாரமா ஒண்ணும் ஓடல. அழக்கூட வரல.”

படக்காரர் மூன்று கோப்பைகளில் தேநீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு தன்னுடையதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்குப் பேச்சு சட்டென்று வராது. அதோடு, அவருடைய கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் சில விஷயங்களை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. அன்று அவர் முன்னால் வைக்க முடியாத அந்த வரிசையை இங்கே வைக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் அந்தப் பெட்டியில் எழுதியவள்தான். அப்போது கல்லூரியில் கடைசி வருடம். என் அப்பா நான் ஏழாவது படிக்கும்போது வீட்டை விட்டுப் போனவர். எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்று எங்கள் வீட்டில் பேச மாட்டோம். அவர் திடீரென்று தன் தங்கை மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். வருகிற புதன்கிழமை இந்த வழியாகப் போகிறாராம். பதினோரு மணிக்கு ரயில் நிலையத்தில் முதல் நடைமேடையில் உட்கார்ந்திருப்பாராம். ஒரே ஒரு முறை பார்க்க வேண்டுமாம். அம்மாவிடம் கேட்க முடியாது. தோழிகள் என்று எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை. அக்காவுக்கு எழுதினேன். மூன்று பக்கம்.

பதில் வந்தது.

‘உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் நீ எவ்வளவு களைத்திருக்கிறாய் என்று புரிந்தது. உன்னைக் காயப்படுத்தியவருக்கு உன் நேரத்தைக் கேட்கும் உரிமை இல்லை. உன் அமைதிக்கு நீதான் காவல். கதவைச் சாத்திக்கொள்வது கல்நெஞ்சம் இல்லை, சுயமரியாதை. போக வேண்டாம், தங்கமே.’

அதுவரை என் கடிதத்தை, என்னுடைய எதையுமே, யாரும் மூன்று முறை படித்ததில்லை. பேராசிரியர்கள் என் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடும்போதுகூடப் பக்கத்தைத் திருப்புவதோடு சரி. துறை அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பதிலை அச்செடுத்து ரெக்கார்டு நோட்டின் அட்டைக்குள் ஒட்டிக்கொண்டேன். புதன்கிழமை போகவில்லை. ஆய்வகத்தில் இருந்தேன். அப்பா மூன்றரை மணிவரை அந்த நடைமேடையில் உட்கார்ந்திருந்தார் என்று பிற்பாடு அத்தை சொன்னார். எட்டு மாதம் கழித்து இறந்துபோனார். நான் அழவில்லை. அழ வேண்டிய இடத்தில் அந்த வரி இருந்தது. மூன்று முறை படித்த ஒருவர் யோசித்துச் சொன்னது; தவறாக இருக்க முடியாது.

படிப்பு முடிந்து தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். வலைப்பூவில் ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்ததும் விண்ணப்பித்தேன். சம்பளம் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. நேர்காணலில்தான் அக்காவை முதன்முதலாகப் பார்த்தேன். நான் அவருடைய பழைய வாசகி என்பதைச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வேலை எனக்கு எளிதாக இருந்தது. வேதியியல் படித்தவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு தெரியும். பெயர் தெரியாத ஒரு பொடியைக் கொடுப்பார்கள். நிறம் பார், கரைத்துப் பார், சூடாக்கிப் பார். ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒரு கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சும். கடிதங்களும் அப்படித்தான். எழுதியவர் ஆணா, பெண்ணா. பிரச்சினை வீட்டிலா, வேலையிலா. காயப்பட்டவரா, காயப்படுத்தியவரா. கடைசியில் ஓர் எண் மிஞ்சும். ஒன்றிலிருந்து முப்பத்தொன்றுவரை. அந்த எண்ணுக்குரிய பதிலைத் திறந்து, பெயரை மாற்றி, அனுப்ப வேண்டும்.

ஒன்பதாம் நாள் பதினான்கைத் திறந்தேன்.

ஓர் எழுத்துகூட மாறவில்லை. தங்கமே என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெயருக்காக ஒரு கோடு மட்டும் விட்டிருந்தது. என் கடிதத்தில் நான் பெயர் எழுதவில்லை. அதனால் கோட்டை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை முறை போயிருக்கிறது என்று கீழே ஓர் எண்ணிக்கை இருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது. அதில் ஒன்று நான்.

மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தபோது, கேட்டேன். அங்கே நானாக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

“அக்கா, பதினாலுல மூணு தடவை படிச்சேன்னு இருக்கே. நாம ஒரு தடவைதானே படிக்கிறோம்?”

“ஒரு தடவை படிக்கிறது நீ. நான் அதுகூட இல்ல.” அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய சிரிப்பு நன்றாக இருக்கும். எதிரே இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளும். “மூணுங்கறது கணக்கு இல்லம்மா, ஆறுதல். ரெண்டுன்னு போட்டா ஏதோ கடமைக்குப் படிச்ச மாதிரி இருக்கும். நாலுன்னு போட்டா பொய்னு தெரிஞ்சிடும்.”

“அஞ்சுன்னு போட்டா அக்காவுக்குக் கண்ணு தெரியலன்னு நினைச்சுக்குவாங்க,” என்றார் படக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போய் ரெக்கார்டு நோட்டின் அட்டையிலிருந்து அந்தத் தாளைப் பிரித்தெடுத்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் கிழிந்துதான் வந்தது.

நான் வேலையை விட்டிருக்கலாம். ஆனால் கேள்வியைப் பாதியில் விட்டுப் போவது எனக்குப் பழக்கம் இல்லை. இந்தப் பதில்கள் யாருக்காவது உதவுகின்றனவா என்பதை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உதவுகின்றன என்றால், பொதுப் பதிலாகவே இருந்தாலும், நான் அன்று ஆய்வகத்தில் இருந்தது சரி. அதனால் ஒரு சோதனை செய்தேன். அறுபது நாள். வந்த வரிசையில் ஒற்றைப்படையாக விழுந்த கடிதங்களுக்கு உரிய பதில். இரட்டைப்படைக் கடிதங்களுக்கு அதற்கு நேர் எதிரான பதில். போக வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களுக்குப் போ என்றும், பொறு என்று சொல்ல வேண்டியவர்களுக்கு விட்டுவிடு என்றும் போனது. இரு பக்கமும் இருநூற்று ஆறு கடிதங்கள். நன்றி சொல்லி மறுகடிதம் எழுதியவர்கள் ஒற்றைப்படையில் அறுபத்தொருவர். இரட்டைப்படையில் அறுபத்துநான்கு பேர். அந்த மூன்று பேர் வித்தியாசத்துக்குப் பொருள் எதுவும் இல்லை.

இரட்டைப்படையில் ஒரு தையல்காரப் பெண் இருந்தார். கணவர் கோபம் வந்தால் வீட்டுச் சாமான்களை உடைப்பாராம். சாமான்கள் தீர்ந்துகொண்டு வருவதால் பயமாக இருக்கிறது, பிறந்த வீட்டிலேயே இருந்துவிடவா என்று கேட்டிருந்தார். திரும்பிப் போகச் சொல்லிப் பதில் போனது. நான்காவது நாள் நன்றி எழுதினார். என் கண்ணைத் திறந்துவிட்டீர்கள், அக்கா, இன்று கிளம்புகிறேன் என்று. அதன் பிறகு அவர் எழுதவில்லை. எழுதாததைத் தரவாக எடுத்துக்கொள்ள முடியாது.

முடிவுகளை ஒரு தாளில் அட்டவணை போட்டு அக்காவிடம் காட்டினேன். வேலை போகும் என்று நினைத்தேன். ஒருவேளை அவர் முகம் வாடினால் அது போதும் என்றும் நினைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

“அட, எதை அனுப்பினாலும் வேலை செய்யுது பாரேன். நம்ம எழுத்து அப்படி,” என்றார். “சரி, இனிமே இந்த விளையாட்டு வேண்டாம். ஒழுங்கா அனுப்பு.”

அன்றிலிருந்து ஒழுங்காகத்தான் அனுப்பினேன்.

போன வருடக் கடைசியில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோதே கை மீறிவிட்டது என்றார்கள். வலைப்பூவில் ஒரு சின்ன அறிவிப்புப் போட்டோம். அக்கா மருத்துவமனையில் ஓய்வில் இருக்கிறார், உங்கள் அன்பு போதும் என்று. மூன்றாவது மாடியில் அவருக்கு அறை. ஜன்னலுக்கு வெளியே சலவைக்கூடத்து மொட்டைமாடி. நாள் முழுக்கப் போர்வைகள் காய்ந்துகொண்டே இருக்கும். மனிதர்கள் யாரும் வருவதில்லை. இத்தனை ஆயிரம் பேருக்கு அக்காவாக இருந்தவரின் அறைக்குப் படக்காரர் வாரம் ஒருமுறை வந்தார். நான் தினமும் நான்கு மணிக்குப் போனேன்.

“அன்னன்னிக்கு வர்ற கடிதத்தையெல்லாம் எடுத்துட்டு வா. படிச்சுக் காட்டு,” என்றார். “இப்பதான் எனக்கு நேரம் கிடைச்சிருக்கு.”

நான் படிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். செவிலி ஊசி போட வரும்போது, “என்னக்கா, இன்னிக்கு யார் வீட்டுச் சண்டை?” என்று விசாரித்துவிட்டுக் கதை முடியும்வரை நிற்பார். “அந்த மாமியார் மேல தப்பே இல்லக்கா,” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தக் கடிதம் வந்தது. கீழே ‘ஒருத்தி’ என்று மட்டும் போட்டிருந்தது. முகவரி புதிதாக உருவாக்கியது.

‘என் அம்மா ஊருக்கெல்லாம் ஆறுதல் எழுதுவார். பன்னிரண்டு வயதுவரை நான் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்ததையும் ஊருக்கெல்லாம் எழுதினார். மற்ற தாய்மார்களுக்கு உதவும் என்றார். அதை எழுதியபோது நான் கல்லூரியில் இருந்தேன். என் வகுப்பில் அதைப் படிக்காதவர்கள் யாரும் இல்லை. அன்று வீட்டை விட்டு வந்தவள். ஆறு வருடம் ஆகிறது. இப்போது அவருக்கு உடம்பு சரியில்லை. அவர் கூப்பிட்டால் போய்விடுவேன் என்று தோன்றுகிறது. கூப்பிடாமல் போக என்னால் முடியவில்லை. போகவா, வேண்டாமா?’

அந்தக் கட்டுரை எனக்குத் தெரியும். எங்கள் வலைப்பூவில் அதிகம் பேர் படித்த கட்டுரை அதுதான். எழுதியது யார் என்று தெரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதை நான் மறைக்கவில்லை. இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வேறொருவராக இருந்தால் அந்த ஒரு கடிதத்தை மட்டும் உருவிவிட்டு மற்றதை எடுத்துப் போயிருப்பார். நான் நான்கு மணிக்கு வழக்கம்போல் எல்லாவற்றையும் எடுத்துப் போனேன். வரிசைப்படி படித்தேன். அது ஐந்தாவதாக இருந்தது.

இரண்டாவது வரியிலேயே அக்கா கண்ணைத் திறந்துவிட்டார். முடித்ததும், “திரும்பப் படி,” என்றார். படித்தேன். “இன்னொரு தடவை.” படித்தேன்.

“என் பொண்ணும்மா,” என்றார்.

“தெரியும்க்கா.”

மூன்று முறை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த நேரத்தில் நடைமேடையோ அப்பாவோ நினைவுக்கு வரவில்லை. என்னுடைய மூன்று பக்கக் கடிதம் மட்டும் நினைவுக்கு வந்தது. அதை ஒருவர்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டார் என்பதும்.

பதில் எழுதிக்கொள்ளச் சொன்னார். கையில் ஊசி இருந்ததால் அவரால் எழுத முடியாது. முதலில் அவர் சொல்லத் தொடங்கியது பதில் பதினைந்தின் முதல் வரி. பாதியில் நிறுத்தி, “சே, அடி அத,” என்றார். அடுத்து வந்தது எட்டு. அதையும் அடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் போர்வைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினோரு வருஷமா எழுதறேன். பெத்த பொண்ணுக்கு நாலு வரி வர மாட்டேங்குது பாரு.”

அப்புறம் சொன்னார். நான்கு வரிதான். எந்த எண்ணிலும் இல்லாத வரிகள். நான் எழுதிக்கொண்டேன். படித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன்.

“நாளைக்கே போயிடணும்மா.”

“போயிடும்க்கா.”

மறுநாள் மேசையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை மற்றக் கடிதங்களைப் போலவே வகை பிரித்தேன். பெண். வீடு. காயப்பட்டவர். காயப்படுத்தியவர் இப்போது நோயில் இருக்கிறார். போகவா, வேண்டாமா. மிஞ்சியது பதினான்கு. யார் பிரித்தாலும் அதுதான் மிஞ்சும். மூன்று மணிக்கு அதை அனுப்பினேன். பெயருக்கான இடத்தில் ‘ஒருத்தி’ என்று போட்டேன். கோட்டை எடுத்துவிட்டு அனுப்பவில்லை. எனக்குச் செய்ததைவிட ஒரு படி கூடுதலான கவனம் அது.

நான்கு மணிக்கு மருத்துவமனையில் அக்கா கேட்டார்.

“போச்சா?”

“போச்சுக்கா.”

இதில் பொய் இல்லை. பதில் போயிருந்தது.

பழிவாங்கினேன் என்று சொல்வார்கள். பழிவாங்குவதற்குக் கோபம் வேண்டும். எனக்குக் கோபம் இருந்திருந்தால் தினமும் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, கொட்டையை எடுத்து, சுளை சுளையாக அவர் வாயில் வைத்திருக்க மாட்டேன். அவர் என்னை மிகவும் நம்பினார். “நீ இல்லன்னா நான் அநாதைம்மா,” என்று செவிலி முன்னாலேயே சொல்வார். என் சோதனையில் ஒரு குறை இருந்தது, அவ்வளவுதான். பதில் அனுப்பியதோடு நின்றுவிட்டேன். பதிலுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று கூடவே இருந்து பார்க்கவில்லை. இப்போது பார்க்க முடிந்தது.

தினமும் கேட்பார். ஏதாவது வந்துதா என்பார். இல்லக்கா என்பேன். அதுவும் உண்மைதான். ஆறாவது நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இன்னொண்ணு அனுப்பலாமா?”

“ஒரு கடிதத்துக்கு ஒரு பதில்தானேக்கா நம்ம விதி.”

அந்த விதியை எழுதியவர் அவர்தான். “ஆமால்ல,” என்று சிரித்துவைத்தார். “வரணும்னு தோணினா வரும். வந்து நிக்கட்டும். நாம போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது.”

ஒன்பதாம் நாள் அழுதார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன். காத்திருப்பதும் அன்பின் ஒரு வேலைதான், அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை, தன் வேளை வரும்போது ஒவ்வொரு கதவும் தானாகத் திறக்கும். அவர் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“இது இருபத்திரெண்டுதானே?”

“ஆமாக்கா.”

“நல்லாத்தான் எழுதியிருக்கேன்,” என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆறுதல் கிடைக்கவில்லை. அது தெளிவாகத் தெரிந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அனுப்பிய ஒரு பதில், படிப்பவரின் முகத்தில் என்ன செய்கிறது என்று நேரில் பார்த்தது அன்றுதான். நன்றிக் கடிதங்களை எண்ணியதில் அது தெரிந்திருக்காது.

பன்னிரண்டாம் நாளிலிருந்து அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நடையில் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் திருப்புவார். உணவுத் தட்டு வந்திருக்கும். பத்தொன்பதாம் நாள் மதியம், நான் போவதற்கு நாற்பது நிமிடத்துக்கு முன்னால், போய்விட்டார்.

இவ்வளவுதான் வரிசை. இப்போது மேசைக்கு வருகிறேன்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. மகள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பிரித்தார். படிக்கவில்லை, அவருக்கும் மனப்பாடம்தான் போலிருக்கிறது. முதல் வரியின் மேல் விரலை வைத்தார்.

“இதுதாங்க தாங்க முடியல. ‘மூன்று முறை படித்தேன்.’ ஒரு தடவை படிச்சு, அவசரத்துல, வலியில ஏதோ அனுப்பிட்டாங்கன்னாகூட மனசு ஆறிடும். மூணு தடவை படிச்சிருக்காங்க. அம்மாவால கண்டுபிடிக்காம இருக்கவே முடியாது, அப்படித்தான் எழுதினேன். மூணு தடவை படிச்சு, நான்தான்னு தெரிஞ்சு, அப்புறமும் போக வேண்டாம்னு எழுத மனசு வந்திருக்கு பாருங்க.”

அந்த வரியை நம்பிய இன்னொரு முகத்தை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. கண்ணாடியில்கூட.

“அந்தக் கட்டுரை இன்னிக்குக் காலைலயும் அப்படியே இருக்கு,” என்றார். “பாத்துட்டுத்தான் வரேன். சாகற நேரத்துலயாவது அத எடுத்திருக்கலாம்ல? எடுக்கல. அப்புறம் என்ன. எனக்கே பதில் தெரியும். சும்மா யாராவது வாயால சொல்லிக் கேக்கணும்னு வந்தேன்.”

பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. அம்மாவுக்குத் தெரியாதுங்க, இது எல்லாருக்கும் போகும் பொதுப் பதில், ஆயிரத்து நூறு பேருக்கு மேல் போயிருக்கிறது என்று திரையைத் திருப்பிக் காட்டியிருக்கலாம். பாதி உண்மை. அவர் உட்கார்ந்து அழுதிருப்பார். அழுது முடித்து என் கையைப் பிடித்து நன்றிகூடச் சொல்லியிருப்பார். அக்கா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார். கணக்கு இல்லை, ஆறுதல்.

நான் அக்கா இல்லை. அந்த அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு வாசகருக்காவது உண்மையான பதில் போக வேண்டும் என்று நினைத்தேன். அவருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் எனக்கு இருந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

“தெரியும்,” என்றேன்.

கதவுப் பக்கம் போனவர் திரும்பினார்.

“நீங்கதான்னு அவங்களுக்குத் தெரியும். மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டதும் நிஜம். நான்தான் படிச்சுக் காட்டினேன். ஆனா அவங்க சொன்ன பதில் இது இல்ல.”

“பின்ன?”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மெதுவாக, ஒரு சொல்லும் விட்டுப்போகாமல் சொன்னேன்.

“‘அந்தக் கட்டுரைய எடுக்கச் சொல்லிட்டேன். எழுதினது என் தப்பு. கிளம்பி வா. வந்து எவ்வளவு வேணும்னாலும் திட்டு, கேட்டுக்கறேன்.’ இவ்வளவுதான். கட்டுரைய எடுத்துட்டு இத உங்களுக்கு அனுப்பச் சொன்னாங்க. நான் ரெண்டையும் செய்யல.”